பூசை முடிந்ததும் ஒன்று

"மூட்டுவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று டாக்டர் இனியா கேட்டபோது, ஜோவிதாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்ற நோயாளிகளின் வீட்டார் மாதிரி "ஏதோ மஞ்சளா, சின்னதா இருக்கும் டாக்டர்" என்று அவள் இழுக்கவில்லை. பெயரையே சொன்னாள்.

"மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒண்ணுதான்."

இனியாவின் பேனா நின்றது. "நல்லா யோசிச்சு சொல்லுங்க. தெரியாம தினமும் போட்டிருக்க மாட்டாங்களே?"

"சான்ஸே இல்ல டாக்டர். நான்தான் பழக்கியே விட்டேன். ஆறு மாசமா ஒரு தடவைகூடத் தப்பினது இல்ல."

அந்தப் பதிலால் ஒரு முழு நாள் வீணாயிற்று.

கட்டிலில் ஜோவிதாவின் அம்மா ஆனந்தமேரி கிடந்தாள். ஐம்பத்தைந்து வயது. போன வாரம் வரை தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன்காரியிடம் அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு வாங்காமல் வருகிற பெண்மணி. இப்போது உதடு வெடித்து, நாக்கு முழுக்கப் புண்ணாகி, எச்சில் விழுங்கவும் முடியாமல் கண்ணால் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கருநீலமாகக் கன்றியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் அதல பாதாளத்தில் இருந்தன.

"அந்த மாத்திரைப் பட்டையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள் இனியா, அப்போதும் விடாமல்.

அப்பா சூசை வீட்டுக்குப் போய்க் கொண்டு வந்தார். மில் மூடிய பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாட்ச்மேன் வேலை பார்ப்பவர். அந்தக் காக்கிச் சட்டையோடே வந்து நின்றார். பட்டையில் பாதிக்கு மேல் மாத்திரை இருந்தது. ஜோவிதா அதை வாங்கி டாக்டரிடம் நீட்டினாள். "பாருங்க டாக்டர். தினமும் போட்டிருந்தா இவ்வளவு மிச்சம் இருக்குமா?"

இனியா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வார்டு முழுக்க டெங்கு. அதே மாதிரி காய்ச்சல், அதே மாதிரி குறைந்த அணுக்கள். "சரி, வைரஸா இருக்கலாம். டெஸ்ட் ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் இந்த மாத்திரை வேண்டாம்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். நகரும்போதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஜோவிதா சொன்னது பொய்யில்லை. அவள் அறிந்தவரை அது சத்தியம்.

முதன்முதலில் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஒன்று போட்டால் போதும் என்றுதான் மூட்டு வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனந்தமேரிக்கு ஞாயிறு என்றால் கறிக்குழம்பும், துணி துவைப்பதும், மச்சினர் வீட்டு வருகையும்தான். முதல் வாரம் மறந்தாள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்து போட்டாள். தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிற ஜோவிதாவால் கூடவே இருந்து எடுத்துக் கொடுக்கவும் முடியாது. அதனால் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அம்மா, இங்க பாரு. பூசை முடிஞ்சு வீட்டுக்கு வர்றியா? புடவை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு மாத்திரை. அவ்வளவுதான். கிழமையெல்லாம் நீ ஞாபகம் வச்சுக்க வேணாம்."

"பூசைக்குப் போகாத நாளு?"

"தொடவே கூடாது."

ஆனந்தமேரி வாழ்க்கையில் எதை மறந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையை மறந்ததில்லை. வழி கச்சிதமாக வேலை செய்தது. ஜோவிதா இதைக் கம்பெனியில்கூடச் சொல்லிக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு அலாரமே வேணாம். கோயில் மணிதான் அலாரம்."

மாத்திரையும் வேலை செய்தது. அதுதான் வினையாயிற்று. மூன்று வருஷமாக முட்டி மடக்க முடியாமல் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஆட்டோவில் கோயிலுக்குப் போய் வந்தவள், இந்த வருஷம் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று நடந்தே போனாள். மறுநாளும் போனாள். நவநாள் ஆரம்பித்துவிட்டால் ஒன்பது நாளும் சாயங்காலம் பூசை உண்டு. ஒருநாள்கூட விடவில்லை. "கால் வந்துடுச்சுடி எனக்கு!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். ஜோவிதாவும் சந்தோஷப்பட்டாள். ஷிப்டு முடிந்து வரும்போது, அம்மா பட்டுப்புடவையோடு கோயிலிலிருந்து திரும்பி வருவதைத் தெருமுனையில் பார்த்துக் கையசைத்தாள்.

பார்த்துக் கையசைத்தவளுக்கு அது மட்டும் உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் முற்பகல், நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கிற கன்னியாஸ்திரி மதர் ஒருவர் வார்டுக்கு வந்தார். ஆனந்தமேரியின் கழுத்து ஜெபமாலையைப் பார்த்துக் கட்டிலருகே நின்றார்.

"முழுசா விழுங்க முடியாது மதர்" என்றாள் ஜோவிதா.

"துளி போதும்மா." மதர் அப்பத்தில் ஒரு பொடியளவு கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் வைத்து, ஆனந்தமேரியின் வாயில் விட்டார். விழுங்கும்போது அவள் முகம் கோணியது. ஆனாலும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். மதர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

ஆனந்தமேரி கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். இடது உள்ளங்கையில் வலது கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினாள்.

"என்னாம்மா? தண்ணி வேணுமா?"

இல்லை என்று தலையாட்டல். மறுபடியும் கட்டைவிரலை அழுத்தினாள். பட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குகிற மாதிரி.

"மாத்திரையா? இன்னைக்கு வியாழக்கிழமைம்மா. அதுவுமில்லாம டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

ஆனந்தமேரி பொறுமை இழந்தாள். மதர் போன பக்கம் கை காட்டினாள். தன் வாயைக் காட்டினாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்தாள். பிறகு மறுபடியும் கட்டைவிரல்.

நன்மை வாங்கியாயிற்று. இப்போது மாத்திரை.

ஜோவிதாவின் காதில் வார்டின் சத்தமெல்லாம் நின்றுபோனது.

"அம்மா… கொடி ஏத்தினதுலேருந்து… தினமுமா போட்ட?"

ஆனந்தமேரி வெடித்த உதட்டோடு சிரித்தாள். வீட்டுப்பாடம் முடித்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெருமையாகத் தலையாட்டினாள். ஒரு விரலை உயர்த்தி, இல்லை இல்லை என்று அசைத்தாள். ஒரு நாளும் விடவில்லை.

ஜோவிதா ஓடினாள். செருப்பு கட்டிலடியிலேயே கிடந்தது.

டாக்டர் இனியா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் முகம் மட்டும் வெளுத்தது. பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குப் போட்டாள். பேசியபடியே ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்.

"லூக்கோவோரின் ஊசி. அந்த மாத்திரையோட விஷத்தை முறிக்கிறது இதுதான். இங்க ஸ்டாக் வர சாயங்காலம் ஆகும்ங்கறாங்க. வெளியில கிடைச்சா அதுக்குள்ள ஆரம்பிச்சிடலாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்மா."

"அம்மா பொழைச்சுடுவாங்களா டாக்டர்?"

"நேத்தே தெரிஞ்சிருந்தா…" என்று ஆரம்பித்தவள், ஜோவிதாவின் முகத்தைப் பார்த்து வார்த்தையை மாற்றினாள். "ஓடுங்க. எந்தக் கடையில எதைக் குடுத்தாலும், காசு குடுக்கறதுக்கு முன்னாடி டப்பாவைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. நான் 'சரி'ன்னு சொன்னாத்தான் வாங்கணும்."

அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றினாள். முதல் கடையில் பெயரைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாவது கடையில் ஒரு பெண் உள்ளே போய் ஒரு மாத்திரை அட்டையோடு வந்தாள்.

"ஊசி இல்ல. இது கிட்டத்தட்ட அதேதான். சத்து மாத்திரை. எடுத்துட்டுப் போங்க."

கிட்டத்தட்ட. ஜோவிதா போட்டோ எடுத்து அனுப்பினாள். அடுத்த நொடியே போன் அடித்தது. "வேண்டாம்! அது வேற மருந்து. இந்த நிலைமையில அது உதவாது. ஊசிதான் வேணும். கேன்சர் மருந்து விக்கிற இடத்துல கேளுங்க."

கேன்சர் மருந்து விற்கிற மொத்த வியாபாரி கடையைத் தேடிப் பிடித்து நேரு வீதியைத் தாண்டிப் போனபோது, ஷட்டர் இறங்கியிருந்தது. அந்த வரிசையே மூடிக் கிடந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு மத்தியானத் தூக்கம் வெள்ளைக்காரன் விட்டுப் போன சொத்து; கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஜோவிதா ஷட்டரைக் கையால் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அறைந்தாள். நிழலில் படுத்திருந்த நாய் மட்டும் எழுந்து பார்த்தது.

"ஏறு வண்டியில" என்றார் சூசை. "தவளக்குப்பம் போறோம்."

"அங்க எங்கப்பா இது கிடைக்கும்?"

"மருந்துக்கு இல்ல. அந்த எழிலரசனைக் கேக்க வேண்டியது இருக்கு."

எழிலரசனின் மருந்துக்கடை கடலூர் ரோட்டில் ஜங்ஷனை ஒட்டி இருந்தது. அவர்கள் குடும்பத்துக்குப் பல வருஷமாக அவன்தான் மருந்து கொடுக்கிறவன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தவன், சூசையைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்கண்ணே. அக்காவுக்கு எப்படி…"

சூசை கவுண்டரைத் தாண்டிக் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தார். டப்பா சரிந்து சாம்பார் சாதம் கண்ணாடிமேல் கொட்டியது.

"எம் பொண்டாட்டிக்கு வெஷத்தை வித்துட்டு உக்காந்து சோறு துன்னுகினு இருக்கியாடா?"

"அண்ணே! என்னாண்ணே? நான் என்னா பண்ணேன்?"

"அந்த மஞ்ச மாத்திரை. தினமும் துன்னிருக்கா. வாய் வெந்து கெடக்குறா."

எழிலரசனின் கண்கள் ஜோவிதாவிடம் போயின. "தினமுமா?" அவன் குரல் இறங்கியது. "ஐயோ. அக்கா திங்கக்கிழமை வந்தாங்க. 'தம்பி, மாத்திரை தீரப் போவுது, தேர் வரைக்கும் வரணும், இன்னொரு பட்டை குடு'ன்னாங்க. குடுத்தேன். பழக்கமான மனுஷின்னு சீட்டுகூடக் கேக்கல."

அதுதான் பாதிக்கு மேல் மிச்சமிருந்த பட்டை. டாக்டர் முன்னால் ஜோவிதா நீட்டிய சாட்சி.

"வாரத்துக்கு ஒண்ணு துன்ற மாத்திரை எப்பிடிடா தீரும்? கேட்டியா நீ?"

"கேக்கலண்ணே. கூட்டமா இருந்துச்சு. கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணுமாம்! பெரிய கடை வச்சிகினு…" சூசை ஓங்கிய கையை ஜோவிதா பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, விடு. அவரை விடு. பூசை முடிஞ்சு வந்ததும் போடுன்னு சொன்னது நான்தான்."

"என்னா சொல்ற?"

"ஞாயித்துக்கிழமைன்னு சொல்லல. பூசைன்னு சொன்னேன். பூசை இருக்கற நாளெல்லாம் அம்மா போட்டுச்சு. நேத்து டாக்டர் கேட்டப்பவும் சான்ஸே இல்லன்னு சத்தியம் பண்ணேன். ஒரு நாள் போனது என்னாலப்பா."

சூசையின் கை மெதுவாக இறங்கியது. அவர் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பயம்தான் இருந்தது. அவர் கடைப்படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எழிலரசன் சட்டையைச் சரிசெய்யவில்லை. சீட்டை வாங்கிப் படித்துவிட்டுப் போனை எடுத்தான்.

"மாமா, நான் எழிலு. லூக்கோவோரின் இருக்கா? … சோறு அப்புறம் துன்னுக்கலாம், முதல்ல ஷட்டரைத் தூக்குங்க. … தூக்கமா? ஒரு உயிரு போவுது மாமா! … ஆங், நான் உங்க வீட்டுக் கதவைத் தட்டுறதுக்குள்ள நீங்களே சாவியோட நில்லுங்க." போனை வைத்தான். "கேன்சர் மருந்து விக்கிற மொத்தக்கடை என் பெரிய மாமனாருது. வாங்க."

கடையைத் திறந்துபோட்டபடியே அவன் கிளம்பினான். பக்கத்துப் பூக்காரியிடம் "பாத்துக்கக்கா" என்ற ஒரு வார்த்தைதான்.

மூடிக் கிடந்த அதே ஷட்டர் இப்போது முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. உள்ளே கைலியோடு நின்ற பெரியவர் குளிர்பெட்டியிலிருந்து டப்பாக்களை எடுத்து வைத்தார். எழிலரசன் "இதான், கிளம்பு கிளம்பு" என்று அவசரப்படுத்தினான்.

"இருங்கண்ணே" என்றாள் ஜோவிதா. சீட்டில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக டப்பாவோடு ஒப்பிட்டாள். காலாவதி தேதி பார்த்தாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் பெரியவர் முணுமுணுத்தார். "என்னைத் தூக்கத்துலேருந்து எழுப்பிட்டு இப்ப நின்னு படிச்சிகினு இருக்கு பாரு பொண்ணு."

"படிக்கட்டும் மாமா" என்றான் எழிலரசன். "நம்ம யாராவது ஒருத்தர் படிச்சிருந்தா இது நடந்திருக்காது."

போன் ஒளிர்ந்தது. *சரி. இதேதான். வாங்கிட்டு வாங்க.*

ஊசி ஏறியது. ஆனால் கதைகளில் வருகிற மாதிரி கண் திறந்து எழுந்து உட்காரவில்லை ஆனந்தமேரி. அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். முகக்கவசம் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. பூவோ பழமோ வரக் கூடாது. மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். அணுக்கள் இன்னும் குறைந்திருந்தன.

"ஊசி போட்டும் ஏன் டாக்டர்?"

"இத்தனை நாள் சேர்ந்த விஷம். எலும்புக்குள்ள ரத்தம் தயாராகுற தொழிற்சாலையே நின்னு போச்சுன்னு வச்சுக்குங்க. மறுபடியும் ஓட ஆரம்பிக்க நாளாகும். அதுவரைக்கும் கிருமி எதுவும் தொத்திடக் கூடாது. தொத்துச்சுன்னா எதிர்த்து நிக்க உடம்புல ஆளே இல்ல."

அன்று மாலை காய்ச்சல் ஏறியது. அதற்கும் மருந்து மாற்றினார்கள். அடுத்த நாள் மூக்கில் ரத்தம் கசிந்தது. சூசை வராந்தாவில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மகளிடம் பேசினார், ஆனால் தேவைக்கு மட்டும். "சாப்டியா", "அவ தூங்குறாளா", அவ்வளவுதான். ஜோவிதா ஜெபம் செய்யப் பார்த்தாள். பூசை என்ற வார்த்தைக்கு வந்ததும் ஜெபம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனந்தமேரிக்குக் கொஞ்சம் குரல் வந்தது. கிழிந்த துணி மாதிரி.

"ஏன் ஜோவி… பூசைக்குப் போனது தப்பாடி?"

யாரோ அவளிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் தினமும் மாத்திரை தின்றுவிட்டாள் என்று, குற்றத்தை அவள் பக்கமாகத் தள்ளி.

"இல்லம்மா." ஜோவிதா முகக்கவசத்துக்குள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "உன் மேல தப்பு இல்ல. நான் சொன்ன விதம் தப்பு. ஞாயித்துக்கிழமை, வாரத்துக்கு ஒரே ஒரு தடவைன்னு சொல்லியிருக்கணும். சுலபமா இருக்கட்டும்னு பூசைன்னு சொல்லிக் குடுத்தேன். திருவிழா வந்தா தினமும் பூசை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

ஆனந்தமேரி கூரையைப் பார்த்தாள்.

"நீ சொன்னதைத்தானே நான் கேட்டேன்" என்றாள். குற்றம் சாட்டவில்லை. ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஆமாம்மா. நான் சொன்னதைத்தான் கேட்ட."

"அப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டாள். ஜோவிதா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அம்மா நாலு அறை அறைந்திருக்கலாம். அந்த 'சரி' அதைவிடப் பலமாக விழுந்தது.

திங்கட்கிழமை ரிப்போர்ட்டை இனியாவே எடுத்து வந்தாள். வராந்தாவில் இருவரும் எழுந்து நின்றார்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சூசை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறியிருக்கு" என்றாள் இனியா. "ரொம்பக் கொஞ்சம். ஆனா ஏறியிருக்கு. காய்ச்சலும் இல்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

"ஏறியிருக்கும்மா. இனிமே கீழ போவாதுன்னு நம்பலாம். முழுசாத் தேற இன்னும் பல நாள் ஆகும்."

சூசை மகளின் தலையில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை.

அதன்பின் வந்த நாட்களிலும் ஜோவிதா யார் கொண்டுவந்த மருந்தையும் பேசாமல் விட்டதில்லை. அம்மா கஞ்சி குடிக்க ஆரம்பித்த அன்று, நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு மாத்திரையோடு உள்ளே வந்தாள். ஜோவிதா எழுந்து குறுக்கே நின்றாள்.

"இது என்ன மாத்திரை சிஸ்டர்? எதுக்கு? எந்தெந்த வேளைக்கு, எத்தனை நாளைக்கு?"

நர்ஸ் அலுத்துக்கொண்டாள். "நேத்தும் கேட்டீங்க, முந்தாநாளும் கேட்டீங்க. தினமும் இதே கேள்வியா?"

"ஆமா சிஸ்டர்" என்றாள் ஜோவிதா, கிண்ணத்துக்குக் கை நீட்டாமல். "இது தினமும்தான்."